எம்.டி.ஆர் டிபி வார்டில் தனியாக இருப்பவரின் மனசு: புதிதாக வேலைக்கு வருபவருக்கு என்ன சொல்லித் தர வேண்டும்?

வார்டுத்தோழி

வணக்கம். எம்.டி.ஆர் டிபி (பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்) வார்டுக்குப் புதிதாக வரும் ஆலோசகர்களும் அட்டெண்டர்களும் படிக்க நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. மருந்து, மாஸ்க், சளி டப்பா பற்றியெல்லாம் எழுத விஷயம் நிறையவே கிடைக்கிறது. நோயாளியின் மனசைப் பற்றிய பக்கம்தான் காலியாகக் கிடக்கிறது. இருக்கிற கையேடுகளில் எல்லாம் "அன்பாகப் பேசவும், தைரியம் சொல்லவும்" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். எப்போது, எங்கே நின்று, என்ன சொல்லிப் பேசுவது என்பதுதானே புதிதாக வருகிறவருக்குத் தெரியாதது.

வார்டில் திரும்பத் திரும்பக் கேட்கிற பேச்சு இவை: "எப்ப விடுவீங்க?", "என்னைக் கொண்டாந்து இங்க போட்டுட்டாங்க", "பிள்ளையைப் பார்க்கக் கூடாதா?", "மனசே சரியில்ல, தூக்கம் பிடிக்கல". இரண்டாம் நாள், மூன்றாம் நாளிலேயே "என் பொறுப்பில் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. சொல்லாமலே போகிறவர்களும் உண்டு. இதைக் கையாளத் தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். பொது அறிவுரை வேண்டாம்.

நெஞ்சகப்பிரிவு

முதலில் ஆலோசகருக்கே ஒன்று தெளிவாக வேண்டும்: இந்த ஆளை எதற்காக வார்டில் வைத்திருக்கிறோம்? அது தெரியாதவர் வாயில் "சீக்கிரம் போயிடலாம்" என்பதுதான் வரும். இரண்டு நாளில் நோயாளி அந்தப் பேச்சை நம்புவதை விட்டுவிடுவார்.

எம்.டி.ஆர் நோயாளிகளில் பலர் வார்டில் படுப்பது சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகளுக்காக. இசிஜி, ஹீமோகுளோபின், கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, எச்.ஐ.வி, கண் பார்வை எல்லாம் பார்த்து, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் கவனித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறோம். மிச்ச மாதங்கள் முழுக்க வீட்டிலிருந்துதான் மருந்து. இதைச் சேர்க்கும்போதே ஒருவர் உட்கார்ந்து சொன்னால், "அடைச்சுப் போட்டுட்டாங்க" என்ற எண்ணம் அந்த அளவுக்கு வளராது.

வீட்டில் வைத்தே குணமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய டிபி கீமோதெரபி (மருந்துச் சிகிச்சை) மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் (தங்கிச் சிகிச்சை பெறும் டிபி ஆஸ்பத்திரி) மற்றதை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தது. வீட்டுப் பிரிவில் இருந்தவர்கள் நெருக்கடியான வீட்டில், போதாத சாப்பாட்டில் வாழ்ந்த ஏழைகள். இருந்தும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் முடிவு வெளிவந்தது. பிறகு ஐந்து வருடம் குடும்பத்தாரைத் தொடர்ந்து பார்த்ததிலும், நோயாளி வீட்டில் இருந்ததால் கூட இருந்தவர்களுக்கு அதிகமாக வந்துவிடவில்லை. ஒட்டுவது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே ஒட்டிவிடுகிறது. சரியான மருந்து உள்ளே போனதும் பரப்பும் திறன் சட்டென்று இறங்குகிறது.

தாம்பரம் சானடோரியம் 1928-ல் தொடங்கப்பட்டபோது டிபிக்கு மருந்தே கிடையாது. காற்று, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான். போனவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்தார்கள். அந்த நினைப்பு இன்னும் குடும்பங்களில் இருக்கிறது. பாட்டி "சானடோரியமா?" என்று கேட்கும் தொனியிலேயே நோயாளிக்கு அரை உயிர் போய்விடும். அதனால் வீட்டுப் பெரியவரையும் கூட்டி வைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சிஸ்டர்_இரவுப்பணி

டாக்டர் சொன்னது சரி. ஆனால் "எப்ப விடுவீங்க" என்ற கேள்விக்குப் பலர் ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறார்கள், அதில்தான் வினையே. பதினான்காம் நாள் என்று சொல்வீர்கள். பதிமூன்றாம் நாள் இசிஜியில் ஏதாவது வரும், ஹீமோகுளோபின் இறங்கும், போக முடியாது. அன்றைக்கு ராத்திரிதான் மருந்தைத் துப்புவார், சாப்பாட்டைத் தள்ளிவைப்பார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார்.

தேதிக்குப் பதிலாகப் படிகளைச் சொல்லுங்கள். "இந்த நாலு டெஸ்ட் முடியணும். மருந்து ஆரம்பிச்சு வாந்தி இல்லாம நிக்கணும். இசிஜி ரெண்டாவது தடவை எடுத்து டாக்டர் பார்க்கணும். உங்க ஊர் ஆஸ்பத்திரியில மருந்து வந்து சேர்ந்திருக்கணும். இது நாலும் ஆச்சுன்னா கிளம்பலாம்." ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி, முடிய முடிய அவர் கையாலேயே டிக் அடிக்கச் சொல்லுங்கள். தள்ளிப்போனால் எந்தப் படியில் நிற்கிறது என்று அவருக்கே தெரியும். யாரோ வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றாது.

நெஞ்சகப்பிரிவு

> தேதிக்குப் பதிலாகப் படிகளைச் சொல்லுங்கள்

ஒத்துக்கொள்கிறேன் சிஸ்டர். கூடவே சளி ரிப்போர்ட் விஷயத்தையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும். மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகும் சில வாரம் மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரியலாம். அதில் செத்த கிருமியும் சேர்த்தி. சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் கிருமியின் மரபணுவைத் தேடுபவை. செத்ததற்கும் உயிருள்ளதற்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. அதனால் நோய் குறைகிறதா என்று பார்க்க அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அதற்குக் கல்ச்சர்தான், அதாவது சளியில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. அது திரவ ஊடகத்திலேயே 42 நாள் வரை ஆகும், திட ஊடகத்தில் 8 வாரம்.

இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் என்ன ஆகிறது? யாரோ கையில் கொடுத்த சீட்டில் "பாசிட்டிவ்" என்ற வார்த்தையைப் பார்த்து, இத்தனை நாள் சாப்பிட்டதும் வீண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வார்டை விட்டுப் போவது பல நேரம் அன்றைக்குத்தான். ரிப்போர்ட்டை விளக்காமல் கையில் கொடுக்கக் கூடாது என்பதை அட்டெண்டருக்கும் சொல்லி வையுங்கள்.

சிஸ்டர்_இரவுப்பணி

அடுத்து முதல் மூன்று நாள். ராத்திரியில் ஒருவர் படபடக்கிறார், கட்டிலை விட்டு இறங்குகிறார், கத்துகிறார் என்றால் "தனியா இருந்து மனசு கெட்டுப்போச்சு" என்று எழுதி வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படி எழுதுவதற்கு முன் வரிசையாக நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, விரலில் ஆக்சிஜன் அளவு. 94-க்குக் கீழே இருந்தால் அது மூச்சுக்காகத் தவிக்கிற தவிப்பு. அந்த நேரத்தில் "தூங்க வைக்க" ஊசி போட்டால் மூச்சு இன்னும் குறையும். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல் போகிறதா என்று முழு நிமிடம் எண்ணுங்கள், பதினைந்து விநாடி எண்ணிப் பெருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் தீவிர நோயாளியைப் பிரித்தெடுக்கப் பார்க்கிற அளவுகளில் இவை இரண்டும் உண்டு.

இரண்டு, சர்க்கரை. டிபியோடு சர்க்கரையும் சேர்ந்தவர்கள் நிறைய. லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் என்ற டிபி மாத்திரைகள் சர்க்கரை மருந்தோடு சேரும்போது அளவு திடீரென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் பயந்தவருக்கு வருவது போலவே இருக்கும். விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்று, குடி. தினமும் குடித்தவர் வார்டுக்குள் வந்த நிமிடத்திலிருந்து குடி நின்றுபோகிறது. 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், தூக்கமின்மை. 12 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் ஆள் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது. இது உயிருக்கே ஆபத்து. சேர்க்கும்போது "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் வரும், பக்கத்தில் மனைவியோ மாமனாரோ நிற்பார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "கடைசியா எப்ப குடிச்சீங்க? நேத்தா, முந்தாநாளா?" என்று கேளுங்கள். பதில் உண்மையாக வரும். அப்படிப்பட்டவருக்குக் குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போயிருக்க வேண்டும், டாக்டருக்கு நினைவூட்டுங்கள்.

நான்கு, பீடி. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நிற்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஒரு பீடிக்காகப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எரிச்சல் முதல் சில நாள் உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்ல இறங்கும். நிக்கோட்டின் சூயிங்கம் கையில் வைத்திருங்கள். சேர்ந்த அன்றே பேசுங்கள், மூன்றாம் நாள் பெட்டி கட்டிய பிறகு இல்லை.

இந்த நான்கையும் பார்த்து ஒன்றுமில்லை என்றால்தான் மனசு.

மருந்துச்சீட்டு

சிஸ்டரின் பட்டியலில் ஐந்தாவதாக எங்கள் மருந்துப் பெட்டியையும் சேர்க்க வேண்டும். மருந்தாலேயே மனசு மாறும்.

சைக்ளோசெரின்தான் முதல் ஆள். 18 முதல் 20 மாதம் போகும் நீண்ட சிகிச்சை முறையில் இது வருகிறது. சோகம், கோபம், காதில் யாரோ பேசுவது போல, யாரோ தனக்கு எதிராகச் சதி செய்வது போல, சிலருக்குத் தற்கொலை எண்ணம். முன்பே வலிப்பு, கடுமையான மனச்சோர்வு, தீவிரக் குடி இருந்தவருக்கு இதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் பழுதாகிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறினால் ரத்தத்தில் மருந்து தேங்கும், மனக்குழப்பமும் கூடும். கூடவே பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரை கட்டாயம். "சத்து மாத்திரைதானே" என்று நோயாளி முதலில் ஒதுக்குவது அதைத்தான். வாயில் போட்டு முழுங்குகிறாரா என்று பாருங்கள்.

இப்போது வந்திருக்கிற ஆறு மாத முறையில் பெடாகுலின், பிரெட்டோமனிட், லைனசோலிட், மாக்சிஃப்ளாக்சசின். இதில் சைக்ளோசெரின் இல்லை, மனசுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் லைனசோலிட் இருக்கிறது. கால் எரிச்சல், கண் மங்கல், ரத்தசோகை என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். ஆலோசகர் பார்க்க வேண்டியது வேறு. மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றோடு லைனசோலிட் சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் அளவுக்கு மீறிக் கூடும்: காய்ச்சல், வியர்வை, வயிற்றுப்போக்கு, கைகால் வெட்டிவெட்டி இழுப்பது, ஒரு நிலையில் இல்லாமல் தவிப்பது. டிபி காய்ச்சல் என்றோ பயம் என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள்.

மனச்சோர்வு மாத்திரை மட்டும் இல்லை. இருமலுக்குக் கடையில் வாங்கும் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கும், வலிக்கு ட்ரமடால் இருக்கும். இரண்டும் லைனசோலிடோடு சேரக் கூடாதவை. தலையணைக்கு அடியில் உறவினர் கொண்டுவந்து வைத்த சிரப் பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருமல் வந்தால் எல்லாரும் ஒதுங்குகிறார்களே என்ற கூச்சத்தில்தான் அதை ஒளித்துவைத்துக் குடிக்கிறார்கள். பிடுங்கித் திட்டினால் அடுத்த பாட்டில் இன்னும் ஆழத்துக்குப் போகும். எதற்காக வேண்டாம் என்று சொல்லி, வேறு மருந்து வாங்கிக் கொடுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று: லீவோஃப்ளாக்சசினை ராத்திரி கொடுத்தால் சிலருக்குத் தூக்கம் கெடும். "தூக்கம் பிடிக்கல" என்பவரின் மருந்து நேரத்தைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய முறைகளில் எத்தியோனமைட் சாப்பிட்டவர் மந்தமாக, எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள்.

மனநலம்_மதுரை

மருந்துச்சீட்டு எழுதியதைக் கையேட்டில் அப்படியே போடலாம். என் பக்கமிருந்து இரண்டு விஷயம்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை வார்டுகளில் நிரப்பச் சொல்கிறார்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்பது பொதுவான அளவு. டிபி வார்டில் அந்த எண் ஏமாற்றும். தூக்கம், களைப்பு, பசியின்மை, மெதுவாக நகர்வது, இவற்றுக்கெல்லாம் டிபியே மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிடும். அதனால் மொத்தத்தைப் பார்ப்பதோடு முதல் இரண்டு கேள்விக்கும் ஒன்பதாவதுக்கும் என்ன பதில் என்று தனியாகப் பாருங்கள். ஆர்வம் போய்விட்டதா, மனம் தாழ்ந்திருக்கிறதா, சாகலாம் என்று தோன்றுகிறதா. இந்த மூன்றையும் டிபி காய்ச்சலின் தலையில் கட்ட முடியாது.

கேட்கிற மொழியும் முக்கியம். "மனச்சோர்வு இருக்கிறதா" என்றால் "இல்லை டாக்டர்" என்பார்கள். "முன்னாடி பிடிச்ச விஷயம் ஏதாச்சும் இப்பவும் பிடிக்குதா? ஃபோன்ல பாட்டு கேக்கத் தோணுதா? பிள்ளை பேசினா சந்தோஷமா இருக்கா?" என்று கேளுங்கள். பதில் உடம்பு வழியாகத்தான் வரும்: "நெஞ்சு அடைக்குது", "தலை கனமா இருக்கு", "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது". இவற்றைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள்.

ஒன்பதாவது கேள்வியைத் தயங்காமல் நேராகக் கேட்க வேண்டும். "இப்படி இருக்கறதுக்குச் செத்துடலாம்னு தோணியிருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், எப்போதிலிருந்து, ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, அன்றே மனநல மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதுவரை ஆளைத் தனியாக விடக் கூடாது. மாத்திரைகளை அவரிடம் மொத்தமாகக் கொடுத்து வைக்காதீர்கள். மருந்துப் பிரிவில் சொல்லிச் சைக்ளோசெரினைப் பற்றி முடிவெடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு ராத்திரியில் யாரும் இல்லாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை நோயாளியின் ஃபோனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

சிகிச்சைக்கு மாத்திரை தேவைப்பட்டால் அது நிபுணர் பார்த்துத்தான். எஸ்சிட்டலோப்ராம் மாதிரி வழக்கமாக எழுதுகிற மனச்சோர்வு மருந்துக்கு இங்கே இரண்டு பக்கமும் இடி: லைனசோலிடோடு செரட்டோனின் பிரச்சினை, பெடாகுலினோடு இசிஜியில் க்யூடி என்ற இடைவெளி நீளும் பிரச்சினை (இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்). ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவராக இருந்தால், நிறுத்திய பிறகும் அதன் தாக்கம் இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்கும். ஃப்ளூவாக்செட்டினுக்கு ஐந்து வாரம். அதனால் சேர்க்கும்போதே "மனசுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு எழுதி வையுங்கள்.

வார்டுத்தோழி

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். எங்கே நின்று பேசுவது? சிலர் வாசலில் நின்று சத்தமாகப் பேசுகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கெல்லாம் கேட்கிறது. சிலர் என்95 போட்டுக்கொண்டு உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள்.

காற்றுவழி

நான் கட்டட காற்றோட்டம் பார்க்கிறவன். இந்தக் கேள்வி எங்கள் பக்கத்தது.

டிபி தொடுவதால் வராது, காற்றில்தான் வரும். ஆகவே எவ்வளவு தூரம் என்பதைவிடக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஜன்னல் பக்கம் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்துப் பிடியுங்கள். புகை போகிற திசைதான் காற்றின் திசை. நீங்கள் காற்று வருகிற பக்கம், நோயாளி காற்று வெளியேறுகிற ஜன்னல் பக்கம். இப்படி நாற்காலியைப் போட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம், என்95-ஓடு. கட்டில் நடுவில் இருக்கிறது, சீலிங் ஃபேன் சுழல்கிறது, ஜன்னல் சாத்தியிருக்கிறது என்றால் ஃபேன் அதே காற்றைத்தான் கலக்கிக்கொண்டிருக்கும். அங்கே இரண்டு நிமிடம் கூட அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் இயற்கைக் காற்றோட்டத்துக்குச் சொல்கிற அளவு ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 160 லிட்டர். எதிரெதிர் ஜன்னல் உள்ள உயரமான பழைய வார்டுகளில் இது எளிதாகக் கிடைக்கும். இயந்திரக் காற்றோட்டமாக இருந்தால் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும்; அந்த வேகத்தில் அறையில் இருக்கிற கிருமித் துகளில் 99 சதவீதம் போக 23 நிமிடம். ஏசி போட்டுப் புதுப்பித்த சில வார்டுகளில் இதை யாரும் அளப்பதில்லை. குளிருக்காக ஜன்னலை ஆணி அடித்து மூடிவிடுகிறார்கள். நோயாளிக்கு வெளிச்சமும் போகிறது, காற்றும் போகிறது, பேச வருகிற ஆளும் போகிறார்.

இருப்பதிலேயே நல்ல இடம் வராந்தா. நடக்க முடிகிற நோயாளியைச் சர்ஜிக்கல் மாஸ்க்கோடு வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ அழைத்து வந்து, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பேசுங்கள். குரல் தாழ்த்திப் பேசலாம், முகம் தெரியும்.

சிஸ்டர்_இரவுப்பணி

மாஸ்க் பற்றி நோயாளிக்குச் சரியாகச் சொல்லுங்கள். தனி அறையில், ஜன்னல் திறந்து, தான் மட்டும் இருக்கும்போது மாஸ்க் வேண்டாம். ராத்திரி தூங்கும்போதும் மூக்கை மூடிக்கொண்டு வியர்த்துப் படுத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். யாரும் "கழற்றலாம்" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆள் வரும்போது, அறையை விட்டு வெளியே போகும்போது போட்டால் போதும். எதெல்லாம் கூடாது என்ற பட்டியல் எல்லா வார்டிலும் சுவரில் தொங்குகிறது. எதெல்லாம் செய்யலாம் என்ற பட்டியலையும் அதன் பக்கத்தில் தொங்கவிடுங்கள்: வராந்தாவில் நடக்கலாம், ஃபோன் பேசலாம், சாமி படம் வைத்துக்கொள்ளலாம், வீட்டுச் சாப்பாடு வரலாம், பாத்திரம் திரும்ப வீட்டுக்குப் போகலாம்.

கவனிக்காமல் விடப்படுகிற ஒன்று: தனி அறையில் இருப்பவரை நாமே குறைவாகப் போய்ப் பார்க்கிறோம். 2003-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அது டிபி பற்றியது அல்ல, தனிமைப்படுத்திய வேறு நோயாளிகளைப் பற்றியது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் அதிகம், டாக்டர் குறிப்பு எழுதாத நாட்கள் அதிகம், புகார்களும் அதிகம். மாஸ்க் மாட்டி, கை கழுவி உள்ளே போக வேண்டியிருக்கிறதே என்று நாம் தள்ளிப்போடுவதை நோயாளி எண்ணிக்கொண்டுதான் படுத்திருப்பார். அதனால் வருகைக்கு நேரம் குறியுங்கள். காலை மருந்து, மதியம் ஒரு தடவை, ராத்திரி எட்டரை. வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு உள்ளே வர முடியாவிட்டால் நர்ஸ் மேசையிலிருந்து ஃபோனாவது போடுங்கள். "சிஸ்டர் பேசறேன், இன்னும் அரை மணியாகும்" என்ற ஒரு வரிக்காக அவர் ராத்திரி முழுக்கக் காத்திருப்பார்.

முகமும் தெரிய வேண்டும். 2014-15-ல் லைபீரியாவில் எபோலா வந்தபோது மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர், பாதுகாப்பு உடை போட்ட ஊழியர்களின் சிரித்த முகப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு நெஞ்சில் ஒட்ட ஏற்பாடு செய்தார். நமக்கு அவ்வளவு கூட வேண்டாம். மாஸ்க்குக்குக் கீழே, கோட்டில், பெரிய எழுத்தில் தமிழில் பெயர். கதவில் இருக்கிற கண்ணாடிச் சதுரத்தையும் பாருங்கள். நிற்கிறவர் கண் உயரத்தில் வைத்திருப்பார்கள், படுத்திருப்பவருக்கு அதில் உத்தரம்தான் தெரியும். கட்டிலைத் திருப்பிப் போட்டாலே போதும்.

களப்பணி_டெல்டா

வார்டில் எல்லாம் சரியாக நடந்து வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். தனிமை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கொல்லைப்புறத்தில் தனிக் கட்டில், தனித் தட்டு, தனி டம்ளர்.

தட்டு விஷயத்தைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள். தட்டிலும் டம்ளரிலும் டிபி ஒட்டாது. எல்லாப் பாத்திரத்தோடும் சேர்த்துச் சாதாரண சோப்பில் கழுவினால் போதும். கவனம் வேண்டியது சளியில்: மூடி போட்ட டப்பாவில் கிருமிநாசினி ஊற்றித் துப்ப வேண்டும், ஆஸ்பத்திரியில் சொன்ன முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். வீட்டுக்காரர்கள் சளி டப்பாவை மறந்துவிட்டுத் தட்டை மட்டும் பிரித்து வைக்கிறார்கள். அம்மா தட்டைத் தூரத்தில் வைத்துக் காலால் தள்ளிவிட்ட பிறகு நீங்கள் எத்தனை மணி நேரம் ஆலோசனை சொன்னாலும் ஏறாது.

தெருவுக்குத் தெரியாமல் போவதும் எங்கள் வேலை. பெயர் எழுதிய அரசு வண்டியில் வாசலில் இறங்காதீர்கள். இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பக்கத்து வீட்டில் "டிபி பேஷண்ட் வீடு எது" என்று கேட்காதீர்கள், பெயரைக் கேளுங்கள். சேர்க்கும்போதே "உங்களைப் பார்க்க வரும்போது யார்னு சொல்லிக்கட்டும்?" என்று நோயாளியிடம் கேட்டு எழுதி வைத்தால் சங்கடமே இல்லை.

பிறகு பணம். பாதிப் பேருக்கு ராத்திரித் தூக்கம் போவது இதனால்தான், அதை மனச்சோர்வுக் கணக்கில் எழுதிவிடுகிறோம். நிக்‌ஷய் போஷன் என்ற அரசின் சத்துணவு உதவித்தொகை 2018-லிருந்து மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000. ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு தேவை; வார்டில் இருக்கும்போதே கணக்கு எண்ணைச் சரிபார்த்துப் பதிந்துவிடுங்கள். ஆலைத் தொழிலாளி, இஎஸ்ஐ அட்டை வைத்திருப்பவர் என்றால் 91 நாள் 70 சதவீதச் சம்பளம், அதற்குப் பிறகும் டிபிக்கு நீட்டித்த நோய்ப் பயனாக 80 சதவீதம் வரை கிடைக்க வழி உண்டு. வேலையில் இருந்த காலம், கட்டிய சந்தா பற்றிய நிபந்தனைகள் உண்டு, சான்றிதழை வார்டிலிருந்தே வாங்கிக் கொடுங்கள். இது தெரியாமல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கயல்

கைக்குழந்தை உள்ள அம்மாக்களுக்கு என்ன சொல்வது? குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோவதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

நெஞ்சகப்பிரிவு

சாதாரண டிபி என்றால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதே இல்லை. பாலில் டிபி போகாது. அம்மா சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் கொடுக்கலாம். குழந்தைக்கு டிபி இல்லை என்று பார்த்த பிறகு தடுப்பு மருந்து உண்டு. "பால் கொடுக்காதே" என்று வாய்க்கு வந்ததை யாராவது சொல்லி வைத்தால் பால் கட்டி, காய்ச்சல் வந்து, குற்ற உணர்ச்சியும் சேர்ந்து அந்தப் பெண் மருந்தையே வெறுத்துவிடுவார்.

எம்.டி.ஆர் என்றால் கணக்கு வேறு. பெடாகுலின் தாய்ப்பாலில் சேரும், அதனால் எந்த மருந்து, பால் கொடுப்பதா என்பதைத் தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். பிரிந்திருக்க வேண்டி வந்தால் அது எவ்வளவு காலம், குழந்தை யாரிடம் இருக்கும், தினமும் எத்தனை மணிக்கு வீடியோவில் காட்டுவார்கள் என்று மூன்றையும் பிரிக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். கட்டிலருகே சார்ஜ் போட ஒரு பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல வார்டுகளில் கிடையாது.

மருந்துச்சீட்டு

வீட்டுக்கு அனுப்பும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள். நீண்ட முறையில் குளோஃபசிமின் இருந்தால் தோல் கறுக்கும், சிலருக்குச் செங்கருப்பாக மாறும். மருந்து நிறுத்திய பிறகும் நிறம் திரும்பப் பல மாதம், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும், ஆனால் திரும்பும். சொல்லாமல் விட்டால் நோய் முற்றிவிட்டது என்று தெருவே முடிவு கட்டும். கல்யாணமாகாத பெண்கள் பாதியில் மருந்தை நிறுத்துவதற்கு இது பெரிய காரணம். வெயிலில் போகும்போது குடை, தோல் வறண்டால் தேங்காய் எண்ணெய். "மாத்திரைதான் கலரை மாத்துது, நோய் இல்ல" என்று மாமியார் முன்னாலேயே சொல்லி அனுப்புங்கள்.

வார்டுத்தோழி

எழுதிக்கொண்டேன். படிகள் எழுதிய தாள், "செய்யலாம்" பட்டியல், ராத்திரி பார்க்க வேண்டிய நான்கும் ஐந்தும், பிஎச்க்யூவில் எந்த மூன்று கேள்வி என்பது, தட்டு பற்றிய கொட்டை எழுத்து, எல்லாம் வரைவில் ஏறிவிட்டன. சிஸ்டர், "செய்யலாம்" பட்டியலை எந்த உயரத்தில் ஒட்டுவது நல்லது?

சிஸ்டர்_இரவுப்பணி

கட்டிலில் படுத்தபடி வலது பக்கம் திரும்பினால் கண்ணில் படுகிற உயரம். தரையிலிருந்து மூன்றடிக்குள் வரும். எழுத்து விரல் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் போடுங்கள், முதல் நாள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தும் காட்டட்டும்.